ஃபைல் ஷேரிங் எர்ரர்: உங்க கம்ப்யூட்டர் எந்தக் கதவுல நிக்குது?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னிக்கு எபிசோட்ல ஏஐ கிடையாது, புது ஃபோன் கிடையாது. ரொம்பப் பழைய ஒரு தலைவலியைப் பத்திப் பேசப்போறோம்.

ஒரே வைஃபை, ஒரே ரூம். உங்ககிட்ட விண்டோஸ் லேப்டாப். ரூம்மேட்கிட்ட மேக். மூலையில ஒரு லினக்ஸ் பாக்ஸ், இல்லன்னா நாலு ஹார்ட் டிஸ்க் போட்ட ஒரு நாஸ். 40 ஜிபி ஃபைலை இங்கேருந்து அங்க அனுப்பணும். ஃபோல்டரை ஷேர் பண்ணியாச்சு, கிளிக் பண்ணியாச்சு. ஸ்கிரீன்ல வருது: "நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை." அல்லது "அனுமதி மறுக்கப்பட்டது." மேக்கா இருந்தா, "சர்வருடன் இணைவதில் சிக்கல்" அப்படின்னு பொத்தாம்பொதுவா ஒரு வரி.

அடுத்து என்ன பண்ணுவோம்? தேடுவோம். முதல் பத்து பதில்ல மூணு விஷயம் திரும்பத் திரும்ப வரும்: ஃபயர்வாலை ஆஃப் பண்ணு, எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணு, எல்லாருக்கும் ஃபுல் கன்ட்ரோல் கொடு. பல நேரம் இது வேலையும் செய்யும். பிரச்சினையே அதுதான். எந்தக் கதவு பூட்டியிருக்குன்னு பார்க்காம, வீட்டுல இருக்கிற எல்லாக் கதவையும் கழட்டி வெச்சா, உள்ளே போக முடியத்தான் செய்யும். நீங்க மட்டும் இல்ல, யார் வேணும்னாலும் போகலாம்.

அதனால இன்னிக்கு நான் சொல்லப்போறது ஒரு வரிசை. மொத்தம் ஆறு கதவு. ஒண்ணு ஒண்ணா தட்டிப் பார்க்கலாம்.

எர்ரர் மெசேஜை அப்படியே நம்பாதீங்க

விண்டோஸ்ல 80070035-னு முடியற ஒரு நீள எண்ணைப் பார்த்திருப்பீங்க. கடைசி 35-ங்கிறது ஹெக்ஸாடெசிமல். நம்ம சாதாரண எண்ணுல 53. அந்த 53-க்கு விண்டோஸ் வெச்சிருக்கிற அர்த்தம் "நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை". அதே மாதிரி 80070005-னு வந்தா, எர்ரர் 5: "அனுமதி மறுக்கப்பட்டது".

இந்த நம்பரை வெச்சு ஓரளவுக்கு யூகிக்கலாம், அவ்வளவுதான். 53 வந்துச்சுன்னா பெயர் தப்பா இருக்கலாம், ஃபயர்வால் தடுக்கலாம், அல்லது எதிர்ப்பக்கம் பேசுற பழைய மொழி உங்க சிஸ்டத்துக்குப் பிடிக்காமலும் இருக்கலாம். லினக்ஸ் இதைவிட மோசம். எஸ்எம்பி 1 மட்டும் தெரிஞ்ச ஒரு பழைய சாதனத்தை மவுன்ட் பண்ணிப் பாருங்க. எர்ரர் 112, "ஹோஸ்ட் டவுன்"-னு சொல்லும். அந்தச் சாதனமோ பக்கத்துலயே பச்சை லைட் எரிஞ்சுக்கிட்டு ஜம்முனு ஓடிக்கிட்டு இருக்கும்.

முதல் கதவு: பெயர்

"நெட்வொர்க்" ஐகானைத் திறந்தா அந்த மெஷின் தெரியல. உடனே "கனெக்ட் ஆகல"-னு முடிவு பண்ணிடாதீங்க. லிஸ்ட்ல தெரியறது வேற, கனெக்ட் ஆகறது வேற.

அந்த லிஸ்டைத் தயாரிக்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு முறை வெச்சிருக்காங்க. விண்டோஸ் ஒரு காலத்துல நெட்பயாஸ் முறையில தேடுச்சு, இப்போ டபிள்யூஎஸ்-டிஸ்கவரி. மேக் தேடுறது பான்ஜூர் வழியா. லினக்ஸ்ல அதே வேலையை அவாஹி செய்யுது. அதனால ஒரு சம்பா சர்வர் மேக்ல அழகாத் தெரியும், விண்டோஸ் லிஸ்ட்ல வரவே வராது. ஆனா ரெண்டுலயும் கனெக்ட் ஆகும்.

சோதிக்க ஒரே வழி, லிஸ்டை மறந்துட்டு ஐபி முகவரியை நேரா அடிக்கிறது. விண்டோஸ்ல ரன் பாக்ஸைத் திறந்து, ரெண்டு பேக்ஸ்லாஷ் போட்டு ஐபி. மேக்ல ஃபைண்டர்ல கமாண்ட் கே, அதுல எஸ்எம்பி, கோலன், ரெண்டு ஸ்லாஷ், அப்புறம் ஐபி. இப்போ திறந்துடுச்சா? அப்போ சிக்கல் பெயர்ல மட்டும்தான். ரௌட்டர்ல அந்த மெஷினுக்கு நிலையான ஐபி ஒதுக்கிட்டு, ஷேரை ஷார்ட்கட்டா சேவ் பண்ணிட்டுப் போயிட்டே இருங்க.

இரண்டாவது கதவு: வழி

ஐபி அடிச்சும் திறக்கலைன்னா, போய்ச் சேர வழி இருக்கான்னு பார்க்கணும். நிறைய பேர் இந்த இடத்துல பிங் பண்ணுவாங்க. பிங்குக்குப் பதில் வரலைன்னா மெஷின் இல்லைன்னு அர்த்தம் இல்ல, ஃபயர்வால் பிங்கை மட்டும் தடுத்திருக்கலாம். பதில் வந்தாலும் ஷேரிங் வேலை செய்யும்னு உத்தரவாதம் இல்ல. நமக்கு வேண்டியது டிசிபி போர்ட் 445. இன்னிக்கு எஸ்எம்பி ஓடுறது அதுலதான்.

விண்டோஸ்ல பவர்ஷெல் திறந்து டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கமாண்ட்ல ஐபியையும் போர்ட் 445-ஐயும் கொடுங்க. மேக், லினக்ஸ்னா நெட்கேட். "திறந்திருக்கு" அல்லது "இல்ல"-னு பதில் வந்துடும்.

இல்லைன்னு வந்தா, நான் முதல்ல பார்க்கறது ரெண்டு இடம். ஒண்ணு, விண்டோஸ்ல அந்த வைஃபை "பப்ளிக்"-னு பதிவாகியிருக்கா? புதுசா சேர்ற வைஃபையை விண்டோஸ் 11 பப்ளிக்னுதான் எடுத்துக்கும், பப்ளிக்ல ஃபைல் ஷேரிங்கைத் தடுக்கும். ஏர்போர்ட்டுக்கும் காபி ஷாப்புக்கும் அது ரொம்ப சரி. உங்க வீட்டு வைஃபையை மட்டும் "பிரைவேட்"-ஆ மாத்துங்க. ஃபயர்வால் ஆன்லயே இருக்கட்டும். இரண்டாவது, யாராவது ஒருத்தர் ரௌட்டரோட கெஸ்ட் வைஃபையில இருக்காங்களா? அதுல இன்டர்நெட் வரும், ஆனா பக்கத்து மெஷினைப் பார்க்க விடாது.

மூன்றாவது கதவு: மொழி

இங்கே கொஞ்சம் வரலாறு வேணும்.

எஸ்எம்பி பிறந்தது 1980-களின் தொடக்கத்துல, ஐபிஎம்ல, பேரி ஃபெய்கன்பாம்ங்கிறவர் கையில. அப்புறம் மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது. 1991 கடைசியில, ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்துல படிச்சுக்கிட்டிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பிசியிலிருந்து யூனிக்ஸ் மெஷினோட டிஸ்கை எட்டறதுக்காக ஒரு சர்வர் எழுதினார். கையில ஆவணம் எதுவும் இல்ல. நெட்வொர்க்ல ஓடுற பாக்கெட்டைப் பார்த்துப் பார்த்தே மொழியைக் கத்துக்கிட்டார். முதல்ல வெச்ச பேரு வேறொரு நிறுவனத்தோட டிரேட்மார்க்கா இருந்ததால, எஸ், எம், பி மூணு எழுத்தும் அந்த வரிசையில வர்ற வார்த்தையை அகராதிக் கோப்புல தேடினார். கிடைச்சது "சம்பா". இன்னிக்கும் லினக்ஸ் பாக்ஸ்லயும் பல நாஸ்லயும் ஓடுறது அதுதான்.

மேக் தனி ரூட். ஆப்பிள் ரொம்ப நாள் ஏஎஃப்பி-ங்கிற தன் சொந்த மொழியைப் பேசிக்கிட்டிருந்தது. 2011-ல லயன் வந்தப்போ சம்பாவை எடுத்துட்டு, தானே எழுதின எஸ்எம்பியை வெச்சது. 2013-ல மேவரிக்ஸ்ல இருந்து எஸ்எம்பி 2-தான் அதோட இயல்பான மொழி.

ஆக மூணு பேரும் பேசறது ஒரே மொழி, ஆனா மூணு பேர் தனித்தனியா எழுதினது. அதுக்குள்ள தலைமுறையும் வேற: எஸ்எம்பி 1, விஸ்டாவோட வந்த எஸ்எம்பி 2, விண்டோஸ் 8-ஓட வந்த எஸ்எம்பி 3. கனெக்ட் ஆகும்போது ரெண்டு பக்கமும் "உனக்கு எது தெரியும், எனக்கு எது தெரியும்"-னு பேசி, பொதுவா இருக்கிறதுல புதுசை எடுத்துக்கும். பொதுவா எதுவுமே இல்லைன்னா கதை முடிஞ்சது.

பழைய நாஸ், பழைய ஆபீஸ் ஸ்கேனர், ரௌட்டர் பின்னாடி இருக்கிற யுஎஸ்பி போர்ட், இதுல பலதுக்கு எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும். புது சிஸ்டம் அதைப் பேசாது. 2017 அக்டோபர்ல வந்த விண்டோஸ் 10 அப்டேட்டுக்கு அப்புறம் புதுசா இன்ஸ்டால் பண்ணா எஸ்எம்பி 1 இருக்காது. 2019-ல சம்பா 4.11-ம் அதை இயல்பா அணைச்சு வெச்சிடுச்சு.

ஏன் இவ்வளவு கறார்? 2016 செப்டம்பர்லயே மைக்ரோசாஃப்ட்ல எஸ்எம்பியைப் பார்த்துக்கிட்டிருந்த நெட் பைல், எஸ்எம்பி 1 பயன்படுத்தறதை நிறுத்துங்கன்னு வெளிப்படையா எழுதினார். 2017 மார்ச் 14-ம் தேதி அதுல இருந்த ஒரு ஓட்டையை அடைக்க பேட்ச் வந்தது. மே 12-ம் தேதி வான்னாக்ரை வந்தது. பேட்ச் போடாத மெஷின்கள்ல அதே ஓட்டை வழியா நுழைஞ்சு, ஃபைலை எல்லாம் பூட்டி, பிட்காயின் கேட்டது. யாரும் எந்த லிங்க்கையும் கிளிக் பண்ண வேண்டியதில்ல, ஒரு மெஷின்ல இருந்து பக்கத்து மெஷினுக்குத் தானே பரவுச்சு. பிரிட்டன்ல அரசு மருத்துவமனைகள் அப்பாயின்ட்மென்ட்டை எல்லாம் ரத்து பண்ண வேண்டி வந்தது.

அதனால "எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணு"-னு யாராவது சொன்னா, பழைய பக்கத்தை முன்னுக்கு இழுக்க முடியுமான்னு முதல்ல பாருங்க. நாஸ்ல ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கா? செட்டிங்ஸ்ல "குறைந்தபட்ச எஸ்எம்பி பதிப்பு"-னு ஒரு ஆப்ஷன் இருக்கா? அதை 2-க்கு ஏத்துங்க. ஸ்கேனரா இருந்தா ஈமெயில்ல அனுப்ப வைங்க. எதுவுமே முடியலையா? டிஸ்க்ல இருக்கிறதை வெளியே காப்பி எடுத்துட்டு அந்தச் சாதனத்துக்கு ஓய்வு கொடுத்துடுங்க.

இப்போ எந்த மொழியில பேசிக்கிட்டிருக்கீங்கன்னு தெரிஞ்சுக்கவும் வழி இருக்கு. விண்டோஸ் பவர்ஷெல்ல கெட்-எஸ்எம்பிகனெக்ஷன், மேக் டெர்மினல்ல எஸ்எம்பியுடில் ஸ்டாட்ஷேர்ஸ், சம்பா சர்வர்ல எஸ்எம்பிஸ்டேட்டஸ்.

நான்காவது கதவு: நீங்க யாரு?

நான் பார்த்த வரைக்கும், அதிகம் பேர் மாட்டிக்கிறது இங்கதான். நாலு சூழ்நிலை சொல்றேன்.

விண்டோஸ்ல தினமும் நாலு இலக்க பின் அடிச்சு உள்ளே போறீங்க. மேக்ல இருந்து கனெக்ட் பண்ணும்போதும் அதே பின் அடிக்கிறீங்க. வேலை செய்யாது. பின் அந்த மெஷினுக்கு மட்டும்தான். நெட்வொர்க்ல கேக்கறது அக்கவுன்ட்டோட நிஜ பாஸ்வேர்ட்.

லினக்ஸ்ல, உங்க லாகின் பாஸ்வேர்ட் சம்பாவுக்குத் தெரியாது. லினக்ஸ் பாஸ்வேர்டைச் சேமிக்கிற வடிவம் வேற, எஸ்எம்பிக்குத் தேவையான வடிவம் வேற. அதனால சம்பா தனியா ஒரு லிஸ்ட் வெச்சிருக்கும். எஸ்எம்பிபாஸ்வேர்ட் கமாண்ட்ல அந்த யூசரை ஒரு தடவை சேர்க்கணும்.

மேக்ல, ஃபைல் ஷேரிங் ஆன் பண்ணா மட்டும் போதாது. விண்டோஸ்காரங்க வரணும்னா, ஷேரிங் ஆப்ஷன்ஸ் உள்ளே போய் "விண்டோஸ் ஃபைல் ஷேரிங்" பகுதியில அந்த அக்கவுன்ட்டை டிக் பண்ணணும்.

நாலாவது, ஞாபக சக்தி. விண்டோஸ் ஒரே சர்வருக்கு ஒரே நேரத்துல ரெண்டு யூசர் பேர்ல போக விடாது, எர்ரர் 1219 காட்டும். பழைய பாஸ்வேர்டும் கிரெடென்ஷியல் மேனேஜர்ல ஒளிஞ்சிருக்கும். மேக்ல கீசெயின்ல இருக்கும். பாஸ்வேர்ட் மாத்தினதும் ரெண்டுலயும் பழசை நீக்கிடுங்க.

இப்போ கெஸ்ட் விஷயம். பாஸ்வேர்டே இல்லாம எல்லாரும் நுழையற ஷேர். விண்டோஸ் 11-ன் 24ஹெச்2 பதிப்புல, ப்ரோ எடிஷன்லயும் இதை இயல்பா மறுக்கறாங்க. கூடவே எஸ்எம்பி சைனிங்கும் கட்டாயம் ஆகிடுச்சு. அதாவது ஒவ்வொரு பாக்கெட்டும் நடுவுல யாரும் மாத்தலைன்னு கையெழுத்தோட வரணும்.

இது ஒரு நண்பரோட எடிட்டிங் ரூம்ல நடந்தது. கல்யாண வீடியோ பண்றவங்க. எடிட்டருக்கு மேக், ஆல்பம் டிசைன் பண்றவருக்குப் புதுசா வாங்கின விண்டோஸ் 11 ப்ரோ மெஷின், நடுவுல ஒரு நாஸ். புது மெஷின்ல நாஸ் திறக்கல. ஞாயிற்றுக்கிழமை ரிசப்ஷனுக்கு ஆல்பம் போகணும். கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்ற ஒருத்தர் ஏற்கெனவே வந்து, ஃபயர்வாலை அணைச்சு, ரெஜிஸ்ட்ரியில கெஸ்ட்டைத் திறந்து விட்டா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும்னு சொல்லியிருந்தார். "அண்ணன் சொன்னதைப் பண்ணிடலாமாடா?"-னு நண்பன் என்னைக் கேட்டான்.

நான் திருப்பிக் கேட்டது ரெண்டே கேள்வி. இந்த நாஸ்ல இருக்கிறதுக்கு வேற காப்பி இருக்கா? இல்ல. அங்க வந்து உட்கார்ற கஸ்டமருக்கு இதே வைஃபை பாஸ்வேர்ட்தான் கொடுக்கறீங்களா? ஆமா.

யோசிச்சுப் பாருங்க. அத்தனை குடும்பத்தோட கல்யாணமும் ஒரே பெட்டியில இருக்கு. பாஸ்வேர்ட் கிடையாது. சோஃபால உட்கார்ந்து காபி குடிக்கிறவரோட லேப்டாப்ல ஒரு ரான்சம்வேர் இருந்தா போதும். தாலி கட்டுற ஷாட்டை யாரும் ரெண்டாவது தடவை எடுக்க முடியாது.

அன்னிக்கு முதல்ல ஒரு யுஎஸ்பி டிஸ்க்கை மாட்டி முக்கியமானதைக் காப்பிக்குப் போட்டோம். அது ஓடும்போதே நாஸ்ல ரெண்டு யூசர் உருவாக்கினோம். எடிட்டருக்குப் படிக்க, எழுத. டிசைனருக்கு ஒரிஜினல் வீடியோ ஃபோல்டர்ல படிக்க மட்டும், ஆல்பம் ஃபோல்டர்ல எழுதவும். கெஸ்ட்டை அணைச்சோம், குறைந்தபட்ச எஸ்எம்பியை 2 ஆக்கினோம், சைனிங்கை ஆன் பண்ணோம். கஸ்டமருக்குத் தனி கெஸ்ட் வைஃபை. மேக்ல கீசெயின்ல இருந்த பழைய என்ட்ரியை நீக்கினோம். ஃபோல்டர் திறந்துடுச்சு. புது மெஷின் மேல தப்பு எதுவும் இல்ல. பூட்டே இல்லாத வீட்டைப் பார்த்து அது உள்ளே போக மறுத்தது, அவ்வளவுதான்.

ஐந்தாவது கதவு: அனுமதி

உள்ளே போயிட்டீங்க, ஃபோல்டர் தெரியுது, ஆனா சேவ் பண்ண விடல. ஏன்னா இங்கே ரெண்டு பூட்டு. விண்டோஸ்ல ஷேர் அனுமதி ஒண்ணு, டிஸ்க்ல இருக்கிற என்டிஎஃப்எஸ் அனுமதி ஒண்ணு. ரெண்டுல எது கறாரோ அதுதான் செல்லும். ஷேர்ல எல்லாத்தையும் திறந்து விட்டாலும் டிஸ்க் "படிக்க மட்டும்"-னு சொன்னா, படிக்க மட்டும்தான்.

லினக்ஸ்லயும் அதே கதை. சம்பா கான்ஃபிக்ல எழுதலாம்னு போட்டிருப்பீங்க, ஆனா ஃபோல்டரோட ஓனர் வேற ஆளா இருப்பார். இன்னொண்ணு, அந்த ஃபோல்டருக்குப் போற வழியில இருக்கிற ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளயும் நுழைய அனுமதி வேணும். உபுண்டு 21.04-ல இருந்து, ஒருத்தரோட ஹோம் ஃபோல்டருக்குள்ள மத்த யூசர் நுழைய முடியாது. அதனால ஷேரை ஹோமுக்குள்ள வைக்காம வெளியே தனியா வைங்க. ஃபெடோராவா இருந்தா எஸ்இலினக்ஸ்னு மூணாவது பூட்டும் இருக்கு. ஃபோல்டருக்குச் சம்பா லேபிள் போடணும், எஸ்இலினக்ஸையே அணைக்க வேண்டியதில்ல.

ஆறாவது கதவு: ஃபைலோட பெயர்

எல்லாம் சரி, 500 ஃபைல் காப்பி ஆச்சு, மூணு மட்டும் ஆகல. பெயரைப் பாருங்க. கேள்விக்குறி, கோலன், ஸ்டார், மேற்கோள் குறி இதெல்லாம் லினக்ஸ்ல பெயர்ல இருக்கலாம், விண்டோஸ்ல கூடாது. பெயரோட கடைசியில புள்ளியோ ஸ்பேஸோ வர்றதும் விண்டோஸுக்கு ஆகாது.

தமிழ்ல பெயர் வைக்கிறவங்களுக்குன்னு தனியா ரெண்டு சிக்கல் இருக்கு. யூனிகோட்ல "கோயில்"-ங்கிற வார்த்தையோட "கோ"-வை ரெண்டு விதமா எழுதலாம். ஓகாரக் குறியை ஒரே குறியீடா வைக்கலாம், அல்லது இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியா வைக்கலாம். திரையில ரெண்டும் ஒண்ணுதான். மேக்கோட பழைய டிஸ்க் ஃபார்மேட்டான ஹெச்எஃப்எஸ் ப்ளஸ் பிரிச்சு வைக்கும். விண்டோஸ்ல டைப் பண்ணா பொதுவா சேர்ந்து வரும். லினக்ஸ் பைட்டை மட்டும் பார்க்கறதால, அதுக்கு ரெண்டும் வேற வேற ஃபைல். ஒரே பெயர்ல ரெண்டு "கோயில்" தெரிஞ்சா பயப்படாதீங்க, காரணம் இதுதான். ஒகர, ஔகாரக் குறிகளுக்கும் இதே கதை.

இன்னொண்ணு நீளம். லினக்ஸ்ல ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டுக்கு மேல போகக்கூடாது. தமிழ்க் குறியீடு ஒவ்வொண்ணும் யுடிஎஃப்-8-ல 3 பைட். ஆக 85 குறியீடுதான் இடம். "கி"-ங்கிற ஒரே எழுத்துலயே ரெண்டு குறியீடு இருக்கு. விண்டோஸ்ல எல்லை 255 குறியீடு. அங்க சந்தோஷமா இருந்த நீளமான தமிழ்ப் பெயர், லினக்ஸ் நாஸுக்குப் போகும்போது மாட்டிக்கும். பெயரைச் சுருக்குங்க, தீர்ந்தது.

கடைசியா

வரிசையை ஒரு தடவை சொல்லிடறேன். பெயர், வழி, மொழி, ஆள், அனுமதி, ஃபைல் பெயர். மேலேருந்து கீழே ஒண்ணொண்ணா வாங்க. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. உதவலைன்னா மாத்தினதைப் பழையபடி வெச்சுட்டு அடுத்ததுக்குப் போங்க. ஒரே நேரத்துல நாலு செட்டிங் மாத்தி வேலை செஞ்சா, எது சரி பண்ணுச்சுன்னும் தெரியாது, எது திறந்து கிடக்குன்னும் தெரியாது.

ஒரே ஒரு தடவை ஒரு ஃபைலை அனுப்பணும், அவ்வளவுதானா? இவ்வளவு மெனக்கெடாதீங்க. எக்ஸ்ஃபேட் ஃபார்மேட் பண்ண ஒரு பென்டிரைவ் போதும், மூணு சிஸ்டத்துலயும் படிக்கும். தினமும் நாலு பேர் சேர்ந்து வேலை பண்ற இடத்துக்குத்தான் ஷேர் வேணும். அப்போ அதை ஒழுங்கா, பூட்டோட பண்ணுங்க.

ஏற்கெனவே எப்பவோ ஃபயர்வாலை அணைச்சு வெச்சிருந்தா, எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணியிருந்தா, இன்னிக்கு ராத்திரி பத்து நிமிஷம் ஒதுக்கி அதை மட்டும் பழையபடி மாத்திடுங்க. மாத்தினதும் ஏதாவது நின்னு போச்சுன்னா, முதல் கதவுல இருந்து தட்ட ஆரம்பிங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.